போர் விமான சிமுலேட்டர்: நிறுவுவதில் இருந்து முதல் குண்டு வரை, டெல்டா வீட்டு மேசைக்கான முழு வழிகாட்டி

2020 ஜனவரியில் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 222-ஆவது படைப்பிரிவு சுகோய்-30 எம்.கே.ஐ விமானங்களோடு செயல்படத் தொடங்கியது. வயலில் நிற்கும்போது தலைக்கு மேல் போகும் அந்தச் சத்தம் கேட்டுத்தான் இங்கே பலர் சிமுலேட்டர் பக்கம் வருகிறார்கள். வந்ததும் அதே சுகோயைத் தேடுகிறார்கள். இந்த வழிகாட்டி 'டி.சி.எஸ் வேர்ல்ட்' என்ற கணினிப் போர் விமான சிமுலேட்டருக்கானது. அதில் விற்பனைக்கு இருக்கும் விமானங்களில் சுகோய்-30 எம்.கே.ஐ இல்லை. அதன் மூத்த உறவான சுகோய்-27, 'ஃப்ளேமிங் கிளிஃப்ஸ்' தொகுப்பில் இருக்கிறது. அதையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். இலவசமாகவே வரும் சுகோய்-25டி தாக்குதல் விமானத்தில் தொடங்கி, கை பழகிய பிறகு எஃப்/ஏ-18சி ஹார்னெட்டுக்குப் போவதுதான் இங்கே சொல்லும் வரிசை. வரிசையை மாற்றினால் எங்கே தடுக்கும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

1. தொடங்கும் முன் தயாராக வேண்டியவை

கணினி: 16 ஜிபி ரேமில் ஓடும், 32 இருந்தால் திணறாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம், அதில் 8 ஜிபி நினைவகம் இருப்பது நல்லது. எஸ்.எஸ்.டி இல்லாமல் இறங்க வேண்டாம். நிலப்பரப்பை ஓட ஓடப் படித்துக்கொண்டே போவது இதன் இயல்பு. பழைய ஹார்ட் டிஸ்க்கில் திருப்பத்துக்குத் திருப்பம் படம் நின்று நின்று வரும். 500 ஜிபி எஸ்.எஸ்.டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். அடிப்படை நிறுவலே பல பத்து ஜிபி, ஒவ்வொரு நிலப்படமும் அதன் மேல் ஏறும்.

ஜாய்ஸ்டிக்: கைப்பிடியைத் திருகினால் ரடர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகடு) வேலை செய்யும் மாதிரியாக வாங்குங்கள். த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் போன்றவற்றில் குச்சியின் அசைவைக் காந்த சென்சார் படிக்கிறது, தேய்மானம் குறைவு. பொட்டென்ஷியோமீட்டர் (உரசித் தேயும் மின்தடை) வகைக் குச்சிகளில் நாளடைவில் நடுநிலை கொஞ்சம் நகரும். அதற்கு மருந்து 3-ஆம் பகுதியில் இருக்கிறது. கேம்பேட் வேண்டாம். அரை அங்குலம் அசையும் குமிழில் நுணுக்கமாகப் பிடிக்க முடியாது.

மின்சாரம்: வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று யூ.பி.எஸ்ஸை விட்டுவிடுவது பொதுவான தவறு. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண நேரத்திலேயே கணினி அணைந்து ரீஸ்டார்ட் ஆகிவிடும். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் 'யூ.பி.எஸ் மோடு' என்று ஒரு சுவிட்ச் உண்டு. முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். தனி யூ.பி.எஸ் வாங்குவதானால் 600 வி.ஏ போதாது. அது ஏறத்தாழ 360 வாட் தாங்கும், கேமிங் கணினி அதைத் தாண்டிவிடும். 1000 வி.ஏ அல்லது அதற்கு மேல் பாருங்கள். தேவை ஐந்தே நிமிடம், மூடிவிட்டு எழுந்திருக்க.

தூசியும் உப்பும்: தை, மாசியில் சம்பா அறுவடை மிஷின் ஓடும் வாரங்களில் வைக்கோல் தூசி கேபினெட் வலையை அடைத்துவிடும். காற்று போகாமல் சூடு ஏறினால் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் செட்டிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். வாரம் ஒருமுறை வலையைக் கழற்றி உதறுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று. ஜாய்ஸ்டிக்கைப் பயன்படுத்தாதபோது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் என்றால் மின் பிளக்கோடு நெட் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள்.

நாற்காலியும் மேசையும்: குச்சி நகராமல் இருக்க வேண்டும். வழுக்கும் மேசையில் ரப்பர் மேட் ஒன்று விரித்தாலே போதும்.

2. நிறுவும் வரிசை

ஈகிள் டைனமிக்ஸ் தளத்தில் இருந்து நேரடியாக இறக்கும் பதிப்பை எடுங்கள். விலைக்கு வரும் பெரும்பாலான விமானங்களை 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கும் வசதி அதில் இருக்கிறது.

இறக்கத்தை இரவில் வைத்துவிடுங்கள். துணைமின் நிலைய மாதாந்திரப் பராமரிப்பு அறிவித்த நாளுக்கு முந்தைய இரவு வேண்டாம். பாதியில் நின்றால் தொடரும்தான். ஆனால் கோப்பு எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் சில கோப்புகள் கெடும். அப்படி ஆனால் முழுதும் அழித்து மறுபடி இறக்காதீர்கள். கூடவே வரும் 'ரிப்பேர்' கருவி கெட்டதை மட்டும் மாற்றும்.

நிறுவியதும் விண்டோஸில் இரண்டு மாற்றம். யூ.எஸ்.பி 'செலக்டிவ் சஸ்பெண்ட்' வசதியை அணையுங்கள். இல்லாவிட்டால் மின்சேமிப்பு என்று சொல்லி ஜாய்ஸ்டிக்கை நடுவானில் தூங்க வைத்துவிடும். அடுத்து, பேஜ் ஃபைலை (ரேமுக்கு உதவியாக டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) எஸ்.எஸ்.டியிலேயே 32 ஜிபி என்று நிலையாக வையுங்கள். ரேம் நிரம்பும்போது விளையாட்டு திடீரென மூடிக்கொள்வது இதனால் குறையும்.

கிராஃபிக்ஸில் நடுத்தர முன்னமைப்பில் தொடங்கி, வலது கன்ட்ரோல் + பாஸ் (Pause) விசை அழுத்தி எஃப்.பி.எஸ் (நொடிக்கு எத்தனை படம்) எண்ணைப் பாருங்கள். 40-க்குக் கீழே போனால் முதலில் நிழல், பிறகு கண்ணாடிப் பிரதிபலிப்பு, பிறகு பார்வைத் தூரம் என்று ஒவ்வொன்றாக இறக்குங்கள். டெக்ஸ்சரைக் கடைசியாகத் தொடுங்கள். அதைக் குறைத்தால் மீட்டர் எழுத்து படிக்க முடியாமல் போகும். ஒரே நேரத்தில் நான்கை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

ஆப்ஷன்ஸில் 'கேம் ஃப்ளைட் மோடு', 'கேம் ஏவியானிக்ஸ் மோடு' இரண்டும் அணைந்திருக்க வேண்டும். இரண்டும் எளிமையாக்கிய முறைகள். அவற்றில் பழகும் பழக்கத்தை முழுதாக மறந்த பிறகுதான் உண்மையான முறையைக் கற்க முடியும்.

3. கன்ட்ரோல்: முதல் இரண்டு நாளும் இதற்கே

புதிதாக வருபவர்கள் "எனக்கு ஓட்டவே வரவில்லை" என்று சொல்லும்போது, பாதிக்கு மேல் குற்றம் கையில் இருக்காது, ஆக்சிஸ் (எந்த அசைவு எதை இயக்கும் என்ற ஒதுக்கீடு) பக்கத்தில் இருக்கும். காரணம் இதுதான்: ஒவ்வொரு கருவியைச் செருகும்போதும் டி.சி.எஸ் தானாகவே பிட்ச் (மூக்கு ஏறி இறங்குவது), ரோல் (இறக்கை சாய்வது), த்ரஸ்ட் (என்ஜின் விசை) எல்லாவற்றையும் அதற்கும் ஒதுக்கிவிடும். குச்சி, த்ராட்டில் (என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு), பெடல் மூன்றும் இருந்தால் ஒரே ரோலுக்கு மூன்று எஜமானர்கள். பெடலை மிதித்தால் இறக்கை சாயும். த்ராட்டிலை நகர்த்தினால் மூக்கு மேலே போகும்.

திருத்தும் வரிசை:

விமானத்தைத் தேர்ந்தெடுத்து 'ஆக்சிஸ் கமாண்ட்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நெடுவரிசை இருக்கும், மவுஸுக்கும் சேர்த்து. எல்லா நெடுவரிசையையும் காலி செய்யுங்கள். பிறகு பிட்ச், ரோல் குச்சிக்கு; த்ரஸ்ட் த்ராட்டிலுக்கு; ரடர் பெடலுக்கு அல்லது திருகுக்கு. அவ்வளவுதான், நான்கே ஆக்சிஸ்.

இது விமானத்துக்கு விமானம் தனித்தனி. சுகோயில் சரி செய்தது ஹார்னெட்டுக்கு வராது. அங்கே மறுபடி காலி செய்ய வேண்டும்.

த்ராட்டில் தலைகீழாக வேலை செய்தால் 'ஆக்சிஸ் டியூன்' உள்ளே 'இன்வெர்ட்' போடுங்கள். மலிவான குச்சிக்குப் பிட்ச்சிலும் ரோலிலும் கர்வ் 15 முதல் 20 வரை வையுங்கள். நடுவில் அசைவு மென்மையாகும். த்ராட்டிலுக்குக் கர்வ் வேண்டாம். டெட்சோன் (நடுவில் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத இடம்) 2 போதும். நடுநிலை நகரும் பழைய குச்சிக்கு 5 வரை போகலாம். அதற்கு மேல் போனால் குச்சியை அசைத்தும் விமானம் கேட்காத ஒரு குருட்டு இடம் உருவாகி, லேண்டிங்கில் காலை வாரும்.

சோதனை: விமானத்தில் உட்கார்ந்து வலது கன்ட்ரோல் + என்டர் அழுத்துங்கள். மூலையில் ஒரு கட்டம் வரும். குச்சியை விட்டால் நடுப்புள்ளி அசையாமல் நிற்க வேண்டும். பெடலை மட்டும் மிதியுங்கள்; கீழ்க்கோடு மட்டுமே நகர வேண்டும். கூடவே நடுப்புள்ளியும் ஆடினால் இன்னும் ஒரு எஜமானர் மிச்சம். இந்தச் சோதனை தேறாமல் ஓடுபாதைக்குப் போகாதீர்கள்.

குச்சியின் மேலே இருக்கும் ஹேட் சுவிட்சைப் பார்வைக்கு ஒதுக்குவது எல்லோரும் செய்வது. அதை ட்ரிம்முக்கு (குச்சியைப் பிடிக்காமலே விமானம் சமமாகப் பறக்கும்படி சரிசெய்வது) ஒதுக்குங்கள். விசைப்பலகையில் வலது கன்ட்ரோலோடு இன்னொரு விசையைத் தேடி ட்ரிம் செய்ய வேண்டியிருந்தால் யாரும் செய்யமாட்டார்கள். ட்ரிம் செய்யாதவர்கள் லேண்டிங்கில் திண்டாடுவார்கள்.

கடைசியாக, எந்த யூ.எஸ்.பி துளையில் எது என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மழைக்குப் பிடுங்கிவிட்டு வேறு துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதிய கருவி என்று நினைத்து, செய்த ஒதுக்கீடு எல்லாம் மறைந்துவிடலாம். 'சேவ்ட் கேம்ஸ்' கோப்புறைக்குள் டி.சி.எஸ், கான்ஃபிக், இன்புட் என்று உள்ளே போனால் இந்த அமைப்புகள் இருக்கும். பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

4. பார்வை

தலையைத் திருப்பினால் காக்பிட்டில் பார்வை திரும்ப வேண்டும். ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருளும் சாதாரண வெப்கேமும் போதும். அதில் 'நியூரல்நெட்' டிராக்கரைத் தேர்ந்தெடுத்து, வெளியீட்டை 'ஃப்ரீட்ராக் 2.0 என்ஹான்ஸ்டு' என்று வைத்தால் டி.சி.எஸ் தானே எடுத்துக்கொள்ளும்.

படம் நடுங்கினால் மென்பொருளை நோண்டும் முன் அறையைப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னலோ ட்யூப்லைட்டோ இருந்தால் கேமராவுக்கு முகம் இருட்டு. விளக்கு மானிட்டருக்குப் பின்னால் இருந்து முகத்தில் விழ வேண்டும். 'சென்டர்' கட்டளைக்குக் குச்சியில் ஒரு பொத்தான் ஒதுக்குங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தேவைப்படும்.

5. முதல் பறப்பு: ஆயுதம் இல்லாத சுகோய்-25டி

தயார் நிலை மிஷன்களில் போர் நடுவே இறங்க வேண்டாம். மிஷன் எடிட்டரில் நீங்களே ஒன்று செய்யுங்கள். இலவச காகசஸ் நிலப்படத்தில் சேனாகி தளம் பொருத்தமானது. ரியோனி ஆறு கருங்கடலில் கலக்கும் கொல்கேத்தி சமவெளி அது, நம் பக்கத்தைப் போலவே தட்டை. மலையில் முட்டும் கவலை குறைவு. நேரம் நண்பகல், காற்று பூஜ்யம், எரிபொருள் 50 சதவீதம், இறக்கைக்குக் கீழே எதுவும் வேண்டாம். தொடக்கம் 'ஓடுபாதையில் இருந்து'. 'ஸ்கில்' இடத்தில் 'ப்ளேயர்' என்று மாற்றுங்கள். இதை மறந்தால் கணினியே ஓட்டிக்கொண்டு போகும், நீங்கள் வெளியே நின்று பார்ப்பீர்கள்.

எரிபொருளைக் குறைப்பதற்குக் காரணம் உண்டு. சுகோய்-25டி கனமான விமானம். முழு டேங்க், முழு ஆயுதத்தோடு எழும்பினால் திருப்பத்தில் வேகம் கரைந்து, இழுக்க இழுக்கக் கீழே போகும். புதியவர் அதைத் தன் தவறு என்று நினைப்பார்.

ஓடுபாதையில் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்புத் தகடு) இறக்கி, டபிள்யூ விசையால் பிரேக் பிடித்தபடி முழு த்ராட்டில். என்ஜின் நிலைத்ததும் பிரேக்கை விடுங்கள். மணிக்கு 220 கி.மீ அருகே குச்சியை மெல்லப் பின்னால் இழுங்கள், எடைக்கேற்ப 250 முதல் 270-க்குள் சக்கரம் தரை விடும். உயரம் ஏறுகிறது என்று மீட்டர் காட்டிய பிறகு ஜி விசையால் கியரை (சக்கரங்களை) உள்ளே இழுங்கள், அடுத்து ஃபிளாப்.

1000 மீட்டரில் சமன் செய்து வேகத்தை 500-இல் வையுங்கள். இப்போது குச்சியை விட்டுப் பாருங்கள். மூக்கு தாழும் அல்லது ஏறும். குச்சியால் பிடித்துக்கொண்டு, அழுத்தம் தேவைப்படாத வரை ட்ரிம்மைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் இடையே ஒரு நொடி பொறுங்கள்.

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். பழகாத கையில் நடப்பது இப்படி இருக்கும்: மூக்கு கொஞ்சம் தாழ்கிறது. குச்சியை இழுக்கிறார். அரை நொடி எதுவும் நடக்கவில்லை, இன்னும் இழுக்கிறார். இரண்டு இழுப்பும் சேர்ந்து வேலை செய்து மூக்கு குதிக்கிறது. பதறித் தள்ளுகிறார். மூன்றாவது சுற்றில் விமானம் வாய்க்காலில் விட்ட காகிதக் கப்பல் போல ஆடுகிறது. ஆட்டம் வந்துவிட்டால் செய்ய வேண்டியது, குச்சியை நடுவுக்குக் கொண்டுவந்து இரண்டு நொடி கையை எடுப்பது. ட்ரிம் சரியாக இருந்தால் விமானம் தானே அடங்கும்.

அடுத்தது திருப்பம். 60 டிகிரி சாய்த்து உயரம் மாறாமல் ஒரு வட்டம். 800 கி.மீ வேகத்தில் அந்த வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 2.9 கி.மீ, 400-இல் 730 மீட்டர். வேகம் பாதியானால் ஆரம் கால்பங்கு ஆகிறது. ஓடுபாதையை நோக்கித் திரும்பும்போது வேகத்தை முதலில் குறைக்க வேண்டும் என்பது இதனால்தான். 800-இல் போனால் தஞ்சாவூரில் இருந்து கும்பகோணம் வரையிலான 40 கி.மீ மூன்று நிமிடம். அந்த வேகத்தில் வந்து தளத்தைக் கண்டதும் திரும்ப நினைத்தால் தளம் பின்னால் போயிருக்கும்.

6. இறங்குவது

ஆயுதத்தைத் தொடும் முன் பத்து முறை உடையாமல் இறங்குங்கள்.

இறக்கக் கோணம் 3 டிகிரி. அப்படியென்றால் கிலோமீட்டருக்கு 52 மீட்டர் உயரம். ஓடுபாதையில் இருந்து 10 கி.மீ தூரத்தில் 520 மீட்டர், 5-இல் 260. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 66 மீட்டர். ஓடுபாதைக்கு ஒன்றேகால் கி.மீ இருக்கும்போது நீங்கள் அந்த உயரத்தில்தான் இருக்க வேண்டும். கண்ணுக்கு இது மிகத் தாழ்வாகத் தெரியும். அதனால்தான் புதியவர்கள் உயரமாகவே வந்து, கடைசியில் மூக்கைக் குத்தி, வேகம் ஏறி, பாதி ஓடுபாதை தாண்டித் தரை தொடுகிறார்கள்.

10 கி.மீ-இல் ஓடுபாதைக்கு நேராக வந்துவிடுங்கள். கியர், ஃபிளாப் இறக்குங்கள். வேகம் 280 அருகே நிலைக்கும்படி ட்ரிம் செய்யுங்கள். இனி குச்சி திசைக்கு; உயரத்துக்கு த்ராட்டில். தாழ்ந்தால் த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டுங்கள். குச்சியை இழுத்தால் ஒரு கணம் ஏறுவது போலிருந்து, வேகம் செத்து, முன்னைவிட வேகமாக இறங்கும்.

ஓடுபாதை தொடும் சமயம் த்ராட்டிலை மூடி மூக்கை லேசாக உயர்த்துங்கள். சக்கரம் பதிந்ததும் பி விசையால் பாராசூட், பிறகு விட்டு விட்டுப் பிரேக். ஓடுபாதையை விட்டுத் திரும்பும்போது 15 கி.மீக்கு மேல் வேண்டாம்; உயரமான ஒடுங்கிய கியர், சாய்ந்துவிடும்.

வரும் வழி கோணலாக இருந்தால் முழு த்ராட்டில் கொடுத்து மறுசுற்று வாருங்கள். அதையும் பயிற்சியாக எண்ணுங்கள்.

7. ஹார்னெட்: அணைந்த நிலையில் இருந்து கிளப்புவது

இடது விண்டோஸ் + ஹோம் அழுத்தினால் தானே கிளம்பும். ஒருமுறை அதை ஓடவிட்டு எந்த சுவிட்ச் எங்கே என்று பாருங்கள். பிறகு கையால் செய்யுங்கள்.

பேட்டரியை ஆன் செய்யுங்கள். ஏ.பி.யூ (சிறு துணை என்ஜின்) ஆன்; பச்சை விளக்கு எரியும் வரை காத்திருங்கள். அது கொடுக்கும் காற்றுதான் பெரிய என்ஜினைச் சுழற்றப் போகிறது. என்ஜின் கிராங்க் சுவிட்ச் வலது பக்கம். சுழற்சி 10 சதவீதம் தாண்டியதும் வலது த்ராட்டிலை ஐடிலுக்கு (மிகக் குறைந்த விசை நிலை) கொண்டுவாருங்கள். அதற்கு முன் கொண்டுவந்தால் காற்றோட்டம் போதாமல் எரிபொருள் எரிந்து, வெப்பம் எகிறும்.

வலது என்ஜின் 60 சதவீதம் தாண்டி நிலைத்ததும் 'ப்ளீட் ஏர்' குமிழை ஆஃப் வழியாக ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி நார்ம்முக்குக் கொண்டுவாருங்கள். முதல் என்ஜின் கிளம்பும்போது காற்று வால்வுகள் மூடிக்கொள்ளும். இந்தச் சுற்றுதான் அவற்றைத் திறக்கிறது. மிக அதிகம் பேர் விடும் படி இது. பிறகு இடது என்ஜின், அதே வரிசை.

உடனே ஐ.என்.எஸ் (விமானம் தன் இடத்தைத் தானே கணக்கிடும் கருவி) குமிழை 'கிரவுண்ட்' நிலையில் வைத்துவிடுங்கள். நேரம் பிடிப்பது இதுதான் என்பதால் இது ஓடும்போது மற்றதைச் செய்யலாம். திரைகள், ஹட் (கண்முன் குறிகளைக் காட்டும் கண்ணாடி), ரேடார் 'ஆப்பரேட்', ஆக்சிஜன், எஃப்.சி.எஸ் (பறப்புக் கட்டுப்பாட்டுக் கணினி) ரீசெட், ஃபிளாப் பாதி, டேக்-ஆஃப் ட்ரிம் பொத்தான். பார்க்கிங் பிரேக்கை விடுவித்தால் ஐ.என்.எஸ் அலைன்மென்ட் (இடம் கணிக்கும் தயாரிப்பு) நின்றுபோகும். திரையில் ஓ.கே வந்ததும் குமிழை ஐ.எஃப்.ஏ-வுக்கு (பறப்பில் இருக்க வேண்டிய நிலை) திருப்புங்கள். மறந்துவிட்டுக் கிளம்பினால் வரைபடம் தப்பு இடத்தைக் காட்டும்.

ஹார்னெட் வானில் தன்னைத் தானே ட்ரிம் செய்துகொள்ளும், கியர் இறங்கும் வரை. 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வேகத்துக்குக் கீழே கியர், ஃபிளாப் முழுதும் இறக்கினால் ட்ரிம் மறுபடி உங்கள் கைக்கு வரும். தாக்குகோணம் (எதிர்வரும் காற்றோடு இறக்கை செய்யும் கோணம்) 8.1 டிகிரி வரும் வரை ட்ரிம் செய்து, திசைவேகக் குறியை (விமானம் உண்மையில் போகும் இடத்தைக் காட்டும் ஹட் குறி) ஓடுபாதையின் தொடக்கத்தில் வைத்து, த்ராட்டிலால் மட்டும் பிடியுங்கள். இதில் கடைசியில் மூக்கை உயர்த்த வேண்டாம். கப்பலில் இறங்க வடிவமைத்த கியர், அடி தாங்கும். சுகோயில் பத்து முறை இறங்கியவருக்கு இது ஒரு மாலை வேலை.

8. ஆயுதம்: முதலில் எம்.கே-82 குண்டு

ஏவுகணை ஆசை இருக்கும். ஆனால் வழிகாட்டி இல்லாத குண்டுதான் விமானத்தை நேராக, நிலையாக ஓட்டக் கட்டாயப்படுத்தும். அதில் தேறியவருக்கு மற்றது சுலபம்.

மாஸ்டர் ஆர்ம் (ஆயுதங்களுக்கான முதன்மை சுவிட்ச்) 'ஆர்ம்' நிலைக்கு. ஏ/ஜி (வானிலிருந்து தரைக்கு) பொத்தான். ஸ்டோர்ஸ் திரையில் எம்.கே-82-ஐத் தேர்ந்தெடுங்கள். பெயரின் மேல் குறுக்குக் கோடு இருந்தால் மாஸ்டர் ஆர்ம் இன்னும் 'சேஃப்'பில் இருக்கிறது. முறை 'சி.சி.ஐ.பி' (குண்டு விழும் இடத்தைத் தொடர்ந்து கணித்துக் காட்டுவது). பிறகு எம்.ஃப்யூஸ் (குண்டை வெடிக்க வைக்கும் ஃப்யூஸ்) 'ஆஃப்' என்று இருப்பதை 'நோஸ்' ஆக்குங்கள். இதை விட்டுவிட்டால் குண்டு சரியாக இலக்கில் விழும், வெடிக்காது. எண்ணிக்கை ஒன்று.

10,000 அடியில் இருந்து 30 டிகிரி சரிவில் இறங்குங்கள். ஹட்டில் ஒரு கோடும் முனையில் சிலுவைக் குறியும் வரும். கோடு இலக்கின் மேல் கிடக்கும்படி இறக்கையைச் சமமாக வைத்திருங்கள். குறி மெல்ல ஊர்ந்து இலக்கைத் தொடும்போது பொத்தானை அழுத்துங்கள். குறியை இலக்குக்கு இழுக்காதீர்கள். இழுத்தால் குண்டு அந்த இழுப்பின் வேகத்தோடு தூரம் தாண்டிப் போகும். 5,000 அடிக்குக் கீழே போகும் முன் குண்டை விட்டுவிட்டு மேலே ஏறிவிடுங்கள். தாழ்ந்தால் உங்கள் குண்டின் சிதறலே உங்களைத் தொடும்.

வான் இலக்குக்கு ரேடார் திரை வலது பக்கம் இருந்தால் சென்சார் சுவிட்சை வலது பக்கம் ஒருமுறை தட்டுங்கள். திரையின் மேல் வலது மூலையில் சின்ன வைரக் குறி வரும். அது இல்லாமல் கர்சர் நகரவே நகராது. "ரேடார் கெட்டுவிட்டது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த வைரக் குறி இல்லாத திரைதான். ஆம்ராம் (ரேடாரால் வான் இலக்கைத் தேடிப் போகும்) ஏவுகணையை அதன் உச்ச தூரத்தில் விடாதீர்கள். எதிரி திரும்பி ஓடினால் அது வேகம் தீர்ந்து விழும். ஹட் வட்டத்தில் உச்ச தூரக் குறிக்கும் உள்ளே, தப்ப முடியாத தூரத்துக்கு ஒரு குறி உண்டு. அதை நெருங்கிய பிறகு விடுங்கள். விட்டதும் திரும்பி ஓடாமல், ஏவுகணையின் சொந்த ரேடார் விழிக்கும் வரை இலக்கை உங்கள் ரேடாரில் பிடித்திருக்க வேண்டும்.